எலுமிச்சம்பழத்தில் ஏறாத இன்ஜின்

போன மாதம் என் மாமா மகன் புதுக் கார் எடுத்தான். ஓசூர் பைபாஸ் ஓரத்துப் பிள்ளையார் கோயிலில் பூஜை. உங்களுக்குத் தெரியாததா? மாலை, சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். பூசாரி தேங்காயைச் சுற்றி உடைத்துவிட்டு "எடுங்க" என்றார். அவன் சாவியைத் திருகப் போகும்போது என் அத்தை, அவனுடைய அம்மா, "இரு" என்றாள். நமக்கெல்லாம் இருக்கிற மாதிரியே அவளுக்கும் முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பானெட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, முன் டயர் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் எதையோ வைத்தாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு.

"என்னம்மா அது?" என்றான் அவன் எரிச்சலாக. பின்னால் இன்னும் இரண்டு கார்கள் பூஜைக்குக் காத்திருந்தன.

"நீ வண்டிய எடு."

அங்கே நின்ற அத்தனை பேரில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நீங்களும் என் வயதுக்காரர்கள், கேட்க நேரமிருக்கிறவர்கள். அதனால் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஓசூரில் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. மத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா ஒரு ஃபேக்டரி வேலைக்கு வர, அவரோடு நாங்களும் வந்து, பாகலூர் ரோட்டுக்கு உள்ளே ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். கூடவே மாமாவும். அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாவே வளர்த்தவர். வேறொரு ஃபேக்டரியில் ஃபிட்டர். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று அப்பா கிண்டல் செய்வார்.

வீட்டுக்கார அம்மா முன்பக்கத்தில் இருந்தார். எங்களிடம் தமிழ், காய்காரியிடம் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம். அவருடைய மாடு செத்த பிறகு பின்பக்கத்து மாட்டுக்கொட்டகை சும்மா கிடந்தது. அதை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பாடு, பிறகு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு தெரிந்த லேத் பட்டறை, பிறகு கொட்டகை.

உள்ளே அவர் செய்துகொண்டிருந்தது ஒரு ரயில் இன்ஜின். சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மையில்லை. கரி போட்டு, தண்ணீர் கொதித்து, ஆவியில் ஓட வேண்டிய நிஜ இன்ஜின். அளவுதான் சின்னது, அம்மாவின் தையல் மிஷின் தலையளவு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் என் உள்ளங்கை அடங்கும், அவ்வளவுதான். பெங்களூர் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டில் அளவோடு படம் போட்டிருந்தார்களாம். அவ்வளவு சின்ன இன்ஜின் ஒரு ஆளை உட்காரவைத்து இழுக்கும் என்று அதில் எழுதியிருந்ததை மாமா நம்பினார். வீட்டில் வேறு யாரும் நம்பவில்லை.

பெரியவர்கள் எல்லோரும் அவரிடம் "எதுக்கு?" என்று கேட்டார்கள். அவர் அரத்தால் ராவிக்கொண்டேயிருப்பார். நான் ஒருமுறை "ஏன் மாமா?" என்று கேட்டேன். அரத்தை நிறுத்திவிட்டு யோசித்தார். "உள்ள என்னா நடக்குதுன்னு பாக்கத்தான்," என்றார். எனக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. எதையும் திறந்து பார்க்காமல் தூங்க முடியாத பிள்ளை நான். வீட்டு அலாரம் கடிகாரம் அந்த வருஷம் ஓடாமல் கிடந்ததற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு.

ஓசூர்க் குளிர் அப்போது குளிராக இருந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் குளியலறை அடுப்பின்மேல் கனமான செம்பு அண்டா ஒன்று பதித்திருப்பார்கள், வெந்நீர் போட. ஹண்டே என்பார்கள். வீட்டுக்கார அம்மாவின் பழைய ஹண்டே கழுத்தில் விரிசல் விட்டு ஒழுகியதால் புதிது வாங்கி, பழையதைக் கொட்டகையில் போட்டிருந்தார். மாமா அதைத் தட்டிப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த அம்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஹண்டேதான் இன்ஜினுக்கு பாய்லர் ஆனது.

செம்பை வெட்டி வளைப்பதைப் பார்க்க நான் கோடை லீவு முழுக்க அங்கேயே கிடந்தேன். மாமா ஒன்றும் விளக்க மாட்டார். பார்த்தால் பார்க்கலாம், அவ்வளவுதான். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகிப்போகும் என்று எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையில் பார்த்திருக்கிறேன். செம்பைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார், அது தோல் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர், ஒன்று முறைக்கிறது, ஒன்று பணிகிறது! கறுத்த செம்பைப் புளிக் கரைசலில் ஊறவைத்து எடுத்தால் கைக்குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் வெளியே வரும். புளி ஜாடி காலியாகிக்கொண்டே வந்தது. குழம்பு வைக்கப் போனபோதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அன்று எங்கள் வீட்டில் தயிர்தான்.

ஒரு நாள் நான் மாமாவின் வேலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். சக்கரங்களைச் சட்டத்தில் மாட்டியிருந்தார். சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு இந்தப் பக்கம் உச்சியில் இருந்தது, அந்தப் பக்கம் நடுவில் இருந்தது.

"மாமா, கோணலா மாட்டிட்ட. ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல."

"அப்பிடியா?" என்றார். அடுத்த திருகை முடுக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்த ஞாயிறு, ஊருக்குப் போகிற சொந்தக்காரரை ஏற்றிவிட அப்பா ஸ்டேஷனுக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். இந்தத் தடத்தில் அப்போது மீட்டர்கேஜ் வண்டி, கரி இன்ஜின். அது கழன்று வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றது. நான் இந்தப் பக்கம் பார்த்தேன், தண்டு கீழே. முன்னால் சுற்றி ஓடி அந்தப் பக்கம் பார்த்தேன், தண்டு நடுவில். டிரைவர் மேலேயிருந்து தெலுங்கில் கத்தினார், அப்பா இந்தப் பக்கமிருந்து தமிழில் கத்தினார். எனக்கு இரண்டுமே காதில் விழவில்லை. இவ்வளவு பெரிய இன்ஜினிலும் அதே கோணல்! அப்படியானால் அது தப்பில்லை.

ஏன் என்பது சைக்கிளில் கிடைத்தது. அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போடும்போது, பெடல் உச்சிக்குப் போனால் மிதிக்க முடியாமல் ஒரு கணம் தடுமாறுவோமே, அங்கே. சைக்கிளில் இரண்டு பெடலும் ஒரே நேரத்தில் செத்துவிடுகின்றன. இன்ஜினில் ஒரு பக்கம் செத்தால் இன்னொரு பக்கம் உயிரோடு இருந்து தள்ளுகிறது. ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதான்," என்றார். எனக்கு அன்று ஆகாயத்தில் நடந்த மாதிரி இருந்தது.

பாய்லரை ஒட்டி முடித்ததும் சோதனை. ஆவியை வைத்துச் சோதிப்பதில்லை, வெடித்தால் ஆள் காலி. பச்சைத் தண்ணீரை நிரப்பி, கை பம்பால் அழுத்தி அழுத்தி, ஓடும்போது வரப்போகிற அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குவரை ஏற்றிப் பார்க்க வேண்டும். விட்டுப்போனாலும் தண்ணீர்தான் பீச்சும். முதல் தடவை ஒட்டுகளில் முத்து முத்தாகக் கசிந்தது. வேடிக்கை பார்க்க வந்த வீட்டுக்கார அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நம்ம ஹண்டே அள்தா இதெயல்லப்பா!" என் அண்டா அழுகிறதே என்று. மாமா திரும்பக் காய்ச்சி, வெள்ளி கலந்த பற்று வைத்து ஒட்டினார். அடுத்த தடவையும் ஓரிடத்தில் அழுதது. அதற்கடுத்த தடவை அழுத்தம் காட்டும் முள் ஏறி நின்றது, அண்டா அழவில்லை. மாமா ஒரு துணியால் அதை மெதுவாகத் துடைத்தார். குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்தார் என்று அம்மா பிறகு அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

அம்மா அழுததற்குக் காரணம் வேறு. மாமாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. பெண் அமையவில்லை. முதலில் வந்த வரன் தானாகத் தட்டிப்போனது. இரண்டாவதாக வந்தவர்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள். வீடு பார்க்க வந்தவர்கள் பின்னால் கை கழுவப் போய்க் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டார்கள். "மாப்பிள்ளைக்கு இன்னும் பொம்ம வெளாட்டே முடியலயாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்களாம். அம்மாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. தம்பியைத் தனிமரமாக விட்டுவிட்டோமே என்று செத்த தாய்க்கு பதில் சொல்ல வேண்டுமே என்பாள்.

அடுத்து வந்ததுதான் லாரிக்காரர் வீட்டு வரன். அவர்களும் கிருஷ்ணகிரி. சொந்த லாரி. ஒரே பெண். பெண் பார்த்தாயிற்று. மாமா பெண்ணை நிமிர்ந்தே பார்க்கவில்லை என்று அம்மா சலித்துக்கொண்டாள். ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து ஆயுத பூஜையன்று வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். லாரிக்குப் பூஜை போட்டுவிட்டு அப்படியே வருவதாக ஏற்பாடு.

அம்மா மாமாவைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். "இந்தத் தடவ அது கண்ணுல படக் கூடாது. பட்டுச்சு, நான் மத்தூருக்கு பஸ் ஏறிடுவேன்."

மாமா தலையாட்டினார். அந்த வாரம்தான் அவர் தண்டவாளம் போட்டு முடித்திருந்தார். பட்டை இரும்பை நிறுத்தி, செங்கல் தூண்மேல் முழங்கால் உயரத்தில், கொட்டகை வாசலிலிருந்து பின்வேலி வரைக்கும். இன்ஜினை அந்தரத்தில் நிறுத்தி ஆவியேற்றிச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்திருந்தோம். தண்டவாளத்தில் அது இன்னும் ஓடவில்லை. பூஜை முடிந்த மறுநாள் காலையில் முதல் ஓட்டம் என்று அவர் மனதில் வைத்திருந்தார்.

ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பூஜையில் வைத்த சாமானை அன்று தொடக் கூடாது. புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு நாள் படிக்காமல் இருக்கலாம் என்பதற்காகவே நாமெல்லாம் அந்தப் பண்டிகையை நேசித்தோம். அரிவாள்மணை, ஸ்பேனர்கள், அப்பாவின் சைக்கிள், தையல் மிஷின், என் ஜாமெட்ரி பாக்ஸ். இன்ஜினும் அந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று மாமா அந்த ஒன்றுக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தார். அம்மா இறங்கிவந்தாள். விடிந்ததும் பூஜை முடித்து, சந்தனப் பொட்டோடு அதைத் திரும்பக் கொட்டகையில் வைத்து, பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பொரி மூட்டையை வைத்தாள். தண்டவாளத்தின்மேல் துணி காயப்போட்டாள். அவளைப் பொறுத்தவரை ரயில் மறைந்துவிட்டது.

லாரி எங்கள் முன்தெருவில் நுழையாது. பின்சந்தில் வந்து நின்றது. லாரிக்காரரும் அவர் சம்சாரமும் மட்டும் இறங்கி உள்ளே வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்பதால், அந்த அக்கா கேபினிலேயே உட்கார்ந்திருந்தாள்.

லாரிக்காரர் ஆள் பெரிய உருவம். பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி வேல முடிஞ்சு வந்தா ஊட்டுல என்னா செய்வாரு?"

"எங்கயும் போவ மாட்டான்ங்க. ஊட்டோட கெடப்பான்," என்றாள் அம்மா.

"இல்ல, கைவேல ஏதோ செய்யறாரு, ரயிலாட்டம் என்னமோன்னு..."

"அதெல்லாம் எப்பவோ விட்டுட்டான்ங்க. இப்ப ஒண்ணுமில்ல."

"விட்டுட்டாரா?" என்றார். அவர் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை. அவள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மாமா இஸ்திரி போட்ட சட்டைக்குள் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கேபினில் இருக்கும் அக்காவுக்குக் காபி கொண்டுபோகச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் பின்பக்கமாகப் போய் டம்ளரை எட்டிக் கொடுத்தேன். அவள் காபியைப் பார்க்கவில்லை. லாரி உயரத்திலிருந்து எங்கள் வேலியைத் தாண்டி எல்லாம் தெரிந்திருக்கிறது.

"அந்தத் துணிக்கு அடியில இருக்கறது தண்டவாளந்தான?"

நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ரயிலு எங்க?"

"எந்த ரயிலு?" என்றேன், அம்மா சொல்லிக்கொடுத்தபடி.

"ஏய், எங்கிட்டயேவா? எங்க பெரியப்பா ஊட்டுக்காரங்கதான் உங்க ஊட்டுக்கு முன்ன வந்துட்டுப் போனவங்க. கல்யாண ஊட்டுல இதச் சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க. எனக்கு அப்ப இருந்து ஒரே யோசன. அத்தினி சின்ன பாய்லர் எப்பிடித் தாங்கும்? அதப் பாக்கோணும்னுதான் எங்கப்பாவ இந்த எடத்துக்கே இழுத்தாந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லேன்னு சொன்னா எங்கப்பா கெளம்பிடுவாரு. வேற எடமும் வந்திருக்குது," என்றாள்.

ஓடிப்போய் அடுப்படியில் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என் காதைத் திருகினாள். "சும்மா இருடி. வாயப் புடுங்கிப் பாக்கறாங்க. நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு." இன்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது. பெரியவர்களுக்கு ஒருமுறை சூடுபட்டால் பாலும் நெருப்பாகத்தான் தெரிகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரிக்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கத் தயாராவது தெரிந்தது.

நான் கூடத்துக்குப் போய் நடுவில் நின்று, "மாமா, லாரி அக்கா ரயிலப் பாக்கணுமாம்," என்றேன்.

அம்மா தட்டோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"இருக்குதா?" என்று லாரிக்காரர் எழுந்தே விட்டார். "ஏம்மா, அதக் கேக்கத்தான நானும் சுத்திச் சுத்தி வரேன்! எம்பொண்ணு அதப் பாக்காம கெளம்ப உடாதும்மா என்னிய."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. ஆனாலும் சமாளித்தாள். "பூசையில வெச்சதுங்க. இன்னிக்குத் தொட்டா ஆவாது."

"சக்கரம் இருக்குதா?"

"இருக்குதுங்க," என்றார் மாமா. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

"அப்ப அது வண்டிம்மா. ஆயுதத்துக்குத்தான் ஓய்வு. வண்டியப் பூச போட்டு எடுக்காம நிறுத்தி வெச்சா, அதான் ஆவாது."

"சைக்கிளுக்கும் சக்கரம் இருக்குது, அத வெச்சிருக்கறமே," என்று அப்பா சந்தேகம் கிளப்பினார். இது ஆயுதமா, வண்டியா என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. லாரிக்காரர் சத்தம் பெரிது, அவர் ஜெயித்தார்.

பொரி மூட்டை இறங்கியது. கூடை நிமிர்ந்தது. லாரிக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து இன்ஜினைப் பார்த்தார். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் நான் வைத்த சந்தனப் பொட்டை மாமா துடைத்தார், தண்ணீர் ஊற்றினார், அடுப்பில் கரி பற்றவைத்தார். ஸ்டேஷன் பக்கம் சிந்திக் கிடந்த நிலக்கரியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து வைத்திருந்தோம். புகைபோக்கியில் காற்று இழுக்க சைக்கிள் பம்பு. முதலில் கொழகொழவென்று மஞ்சள் புகை. பிறகு சூடான எண்ணெயும் ஈரக் கரியும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை எங்கேயாவது வந்தால் நான் நின்றுவிடுவேன். அப்புறம் கெட்டில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம், முள் மெல்ல எழுந்தது. வீட்டுக்கார அம்மாவும் வந்து தன் ஹண்டேவைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

துணிகளை எடுத்தார்கள். மாமா இன்ஜினைத் தண்டவாளத்தில் ஏற்றி, பின்னால் பலகை வண்டியைக் கோத்து, இரண்டு பக்கமும் கால் தொங்க உட்கார்ந்தார். ஆவி விடுகிற கைப்பிடியில் கையை வைத்துத் திறக்கப் போனார்.

"இருங்க தம்பி," என்றார் லாரிக்காரர். சட்டைப் பையில் காலைப் பூஜையில் மீந்த எலுமிச்சம்பழம் இரண்டு. உருளாமல் இருக்க அடியில் லேசாகச் சீவி, குங்குமம் தடவி, தண்டவாளத்துக்கு ஒன்றாக வைத்து, பயபக்தியோடு தொட்டுக் கும்பிட்டார். "ம், எடுங்க."

மாமா பழத்தைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். பழம் சக்கரத்தளவு இருந்தது. அவருக்குத் தெரியும், எனக்கே தெரிந்தது. ஆனால் மாமனாராகப் போகிறவர் கும்பிட்டு வைத்த பழத்தை எப்படி எடுக்கச் சொல்வது? அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். மாமா திறந்தார்.

சுக்... சுக்... சுக். அது நகர்ந்தது! ஓர் ஆளை உட்காரவைத்துக்கொண்டு அந்தத் தையல் மிஷின் நகர்ந்தது. நான் கத்திவிட்டேன். அடுத்த கணம் முன்சக்கரம் பழத்தில் முட்டியது. தோல் பிய்ந்து சாறு தண்டவாளத்தில் வழிந்தது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வெறுமனே சுழன்றன. புகைபோக்கியிலிருந்து பொறி பறந்தது. இன்ஜின் மூக்கைத் தூக்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, டணக்கென்று தடம் இறங்கியது. மாமா அடைத்துவிட்டார். ஏறிய ஆவி போக வழியில்லாமல் மேல் வால்வு வழியாகப் புஸ்ஸென்று சீறிக்கொண்டேயிருந்தது.

லாரிக்காரர் சம்சாரம்தான் மெல்ல, "மொத ஓட்டமே நின்னுபோச்சே," என்றாள். லாரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் வாழ்க்கையில் எந்த வண்டியும் எலுமிச்சம்பழத்தில் நின்றதில்லை. அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மாமா இன்ஜினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் காது மடல் சிவந்திருந்தது. நான்தானே வாயைத் திறந்தேன்?

"அப்பா!"

வேலிக்கு வெளியே அந்த அக்கா நின்றிருந்தாள். எப்போது இறங்கினாளோ. காலை எங்கள் மண்ணில் வைக்காமல், சரியாகக் கம்பிக்கு அந்தப் பக்கம்.

"நம்ம லாரிக்கு அடியில பூசணிக்காயா வெக்கற?"

"பூசணிக்காய எவன் வெப்பான்? அது சுத்தி ஒடைக்கறது."

"வெச்சா ஏறுமா?"

"எப்பிடிம்மா ஏறும்?"

"அப்பறம் இதுக்கு மட்டும் அத்தினி பெருசு வெச்சா? லாரி ஒசரத்துக்குத்தான எலுமிச்சம்பழம்? இந்த ஒசரத்துக்கு இது போதும்." வேலியோரம் காடாக மண்டியிருந்த மணத்தக்காளிச் செடியில் பழுத்ததாக இரண்டு பறித்துக் கம்பி வழியாக நீட்டினாள். நான் ஓடிப்போய் வாங்கி லாரிக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் உள்ளங்கையில் வைத்து அந்தப் பழங்களைப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தார். திரும்பவும் பழங்களைப் பார்த்தார். விளையாட்டாகப் பார்க்கவில்லை. கணக்குப் போடுகிற மாதிரி பார்த்தார். "அதுவும் நாயந்தான்," என்றார். அதிலும் குங்குமம் வைக்கப் பார்த்தார், நிற்கவில்லை.

மாமா கந்தைத் துணியால் பிடித்து இன்ஜினைத் தடத்தில் ஏற்றினார். எலுமிச்சம்பழச் சாறு வழுக்காமலிருக்க தண்டவாளத்தைத் துடைத்துச் சாம்பல் தேய்த்தார். லாரிக்காரர் மணத்தக்காளியைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, முன்பு போலவே தொட்டுக் கும்பிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சுக்... சுக்... பட், பட். கறுநீலமாய் ஒரு தெறிப்பு, அவ்வளவுதான்.

"ஏறிடுச்சு!" என்று கத்தினார் லாரிக்காரர். அவ்வளவு பெரிய உருவம் குதித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இன்ஜின் நிற்கவில்லை. மாமாவை இழுத்துக்கொண்டு, மாமாவின் முழங்கால்கள் இரண்டு பக்கமும் ஆட, துவைக்கிற கல்லைத் தாண்டி, கொய்யா மரத்தைத் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடம்வரை போய் நின்றது. அது முடிகிற இடம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவள். கம்பிக்குள் கையை விட்டுப் புகைபோக்கியைத் தொடப் போனாள்.

"சுடும்," என்றார் மாமா.

அவர் அத்தையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றுதான் அவளை நிமிர்ந்தும் பார்த்தார்.

"தெரியும்," என்றாள் அவள். "பாய்லரத் தெறந்து காட்டுவீங்களா?"

தை மாதம் கல்யாணம். அந்த இன்ஜினை அன்று ஒளித்து வைத்ததால்தான் தம்பிக்குக் கல்யாணம் கூடியது என்று அம்மா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. சில வருஷம் கழித்து அண்டா திரும்பவும் அழத் தொடங்கியது. ஒட்ட வேண்டும், ஒட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாமாவுக்கு ஷிப்டும் பிள்ளைகளுமாக வருஷங்கள் ஓடிவிட்டன. இன்ஜின் விசிலை இந்தக் கார்க்காரப் பிள்ளைதான் சின்ன வயதில் எங்கேயோ தொலைத்தான். தண்டவாளம் மாமா கட்டிய வீட்டில் ஜன்னல் கம்பியாகிவிட்டது. பலகை வண்டி போன இடம் தெரியவில்லை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி. இன்ஜின் மட்டும் அத்தை வீட்டு டீவிக்கு மேல் இருக்கிறது. வாரம் ஒருமுறை புளி போட்டுத் துலக்குகிறாள்.

மாமா போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. அவர் இல்லாமல் அந்த வீட்டில் எடுத்த முதல் வண்டி இந்தக் கார்.

மகன் வண்டியை எடுத்தான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, எல்லோரும் கை தட்டினார்கள், பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அத்தை மறுபடி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எலுமிச்சம்பழத்தை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் தாரில் ஒரு பொட்டளவு கறுநீலம். அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏறிடுச்சு," என்றாள். எனக்குச் சொன்னதல்ல அது.